கால் முந்தினால் பழி யாருக்கு?

வயிற்றுப் பிள்ளை திரும்பாமல் கிடந்தால் பழி சுமப்பவள் தாய். 'கெரகணத்துல வெளிய வந்திருப்பா', 'குனிஞ்சு நிமிந்து வேல பாக்கல' - ஊர்வாய்க்குக் காரணமா பஞ்சம்?

உண்மை வேறு. ஏழாம் மாத முடிவில் ஏறத்தாழ நாலில் ஒரு பிள்ளை பிட்டம் கீழாகத்தான் கிடக்கிறது. மாதம் நிறைவதற்குள் பெரும்பாலானவை தாமே திரும்பிவிடும். நூற்றுக்கு மூன்று நான்கு அப்படியே நின்றுவிடும். பல நேரம் காரணமே தெரியாது. தாயின் நடத்தைக்கு இதில் வேலையில்லை.

இதில் மூன்று வகை. கால்கள் முகத்தை நோக்கி நீண்டிருக்க, பிட்டம் முந்துவதே அதிகம். சம்மணம் போட்டாற்போல் கிடப்பது அடுத்தது. ஒரு காலோ இரு காலோ முந்துவது மூன்றாவது. அதில்தான் ஆபத்து கூடுதல். கால் கருப்பை வாயை அடைக்காது. பனிக்குடம் உடைந்ததும் கொடி நழுவி நசுங்கலாம். எந்த வகையிலும் தலை கடைசியில்தான் வரும். அது மாட்டிக்கொண்டால் சில நிமிடங்களே உண்டு. பதறி இழுத்தால் பிள்ளையின் கைகள் மேலேறும், தலை நிமிர்ந்து இன்னும் சிக்கும். தேர்ந்த கை இழுக்காது, பொறுக்கும்.

அந்தக் கைகளை இந்தச் சமூகம் என்ன செய்தது? கொடி அறுப்பதையும் தீட்டுத்துணி அலசுவதையும் மருத்துவர் சாதிப் பெண்கள் தலையிலும் தலித் பெண்கள் தலையிலும் கட்டியது. புதுச்சேரிப் பக்கம் வயல்கூலியாகவும் பேறுகாலம் பார்ப்பவராகவும் வாழ்ந்த வீரம்மாவின் வாழ்க்கைக் கதை 1995இல் பிரெஞ்சில் வந்தது. ராத்திரி கூப்பிட்ட கை விடிந்தால் தீட்டு.

அதற்காக அந்தக் கையைக் கும்பிட்டு உட்கார்ந்துவிடவும் முடியாது. கொடி நழுவினால் எந்தக் கிழவியின் கைப்பக்குவமும் போதாது. அறுவை அரங்கு வேண்டும், மயக்க மருத்துவர் வேண்டும், ரத்தம் வேண்டும். திட்டமிட்ட சிசேரியனே பிள்ளைக்குப் பாதுகாப்பு என்றது 26 நாடுகளில் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வு. அதன்பின் பல ஆஸ்பத்திரிகளில் இயல்பாகப் பிறக்கவைக்கும் பழக்கமே குறைந்தது.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. பெரிய காரியம்தான். ஆனால் சங்கரன்கோவிலிலிருந்து பாளையங்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். காலனியிலிருந்து களைவெட்டப் போகிறவளுக்கு ஸ்கேனுக்குப் போன நாள் கூலி போன நாள். முப்பத்தாறு வாரத்தில் தெரிந்துவிட்டால் மருத்துவர் வயிற்றின் மேலிருந்தே திருப்பிப் பார்க்கலாம். முடியாவிட்டால் அறுவைக்கு நாள் குறிக்கலாம். வலி கண்ட பிறகு தெரிந்தால் ஓட்டம்தான். கிடப்பு ஒன்றே, சம்பளத்தோடு விடுப்பு எடுக்கிறவளுக்கு ஒரு ஆபத்து, இவளுக்கு ஒரு ஆபத்து.

பிள்ளை கிடக்கிற கிடப்புக்கு யாரும் பொறுப்பில்லை. இந்த வித்தியாசத்துக்குப் பொறுப்பு உண்டு. அதைக் 'கெரகணம்' என்றும் 'விதி' என்றும் சொல்லி நகர்கிறவர்கள் அதைக் காப்பாற்றுகிறார்கள். 'என் புள்ள எப்படிக் கெடக்கு, என்ன செய்யப் போறீக?' என்று அவள் கேட்கவும், ஏசாமல் அவளுக்குப் புரியும்படி பதில் சொல்லவும் வேண்டும். அது சலுகையல்ல, அவள் உரிமை.