நஷ்டக் கணக்கையும் முருகன்கிட்ட காட்டுங்க

ஓம் சரவணபவ.

போன செவ்வாய்க்கிழமை எங்க அண்ணனைக் கூட்டிக்கிட்டு குரோம்பேட்டை குமரன்குன்றம் போயிருந்தேன். அண்ணன் கோவிலம்பாக்கத்துல இட்லி மாவு கடை வச்சிருக்கார். முதல் ரெண்டு வருஷம் நல்லா போச்சு. மாசாமாசம் லாபத்துல ஒரு சின்னத் தொகையை ஒரு டப்பாவுல எடுத்து வச்சு, கிருத்திகை அன்னிக்கு உண்டியல்ல போடுவார்.

இந்த வருஷம் எல்லாம் மாறிடுச்சு. ரோடு வேலைக்காக கடை முன்னாடி தடுப்பு வச்சாங்க, வண்டி நிறுத்த இடமில்ல. மழைத்தண்ணி உள்ள வந்து கிரைண்டர் மோட்டார் போச்சு. அதை மாத்த அண்ணி நகையை அடகு வச்சாங்க.

பாதிப் படி ஏறினதும் அண்ணன் உட்கார்ந்துட்டார். "டப்பா ஆறு மாசமா காலிடா. வெறுங்கையோட போய் அவன் மூஞ்சியில முழிக்கவே வெட்கமா இருக்கு"ன்னார்.

எனக்கு அப்போ பதில் வரல. வீட்டுக்கு வந்து யோசிச்சப்போதான் நகரத்தார் வரலாறு ஞாபகம் வந்துச்சு.

செட்டிநாட்டு நகரத்தார் கடல் தாண்டி வியாபாரத்துக்குப் போன இடமெல்லாம் முருகனையும் கூட்டிக்கிட்டுப் போனாங்க. சிங்கப்பூர் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859ல அவங்க கட்டினதுதான். ரங்கூன்ல மாசாமாசம் கோயில்ல கூடித்தான் வட்டி விகிதத்தையே முடிவு பண்ணினாங்க. வியாபாரத்துல வர்றதுல ஒரு பங்கை 'மகமை'ன்னு சாமிக்கு ஒதுக்குவாங்க. நம்ம அண்ணன் டப்பா மாதிரிதான், ஆனா பெரிய அளவுல.

1930 வாக்குல உலகம் முழுக்க பொருளாதார மந்தம். பர்மாவுல நெல் விலை சரிஞ்சுது. கடன் வாங்கின விவசாயிகளால திருப்பிக் கட்ட முடியல, அடமான நிலமெல்லாம் இவங்க கைக்கு வந்துச்சு. கீழ் பர்மாவோட முக்கிய நெல் மாவட்டங்கள்ல 1930ல 6 சதவீதம் நிலம் இவங்ககிட்ட இருந்தது. 1937ல அது 25 சதவீதம் ஆச்சு. கேட்கப் பெரிய சொத்து மாதிரி இருக்கும். உண்மையில கையில காசு இல்ல, விக்க முடியாத நிலம்தான் இருந்தது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியோட வலி அதைவிடப் பெரிசு, அதையும் மறக்கக் கூடாது.

1942ல ஜப்பான் படை வந்தப்போ லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினாங்க. காட்டு வழியா நடந்தே வந்தவங்க ஏராளம், வழியிலேயே செத்தவங்களும் ஏராளம். 1948ல பர்மா சுதந்திரம் வாங்கினதும் நிலத்தை அரசுடைமை ஆக்குற சட்டம் வந்துச்சு. ரெண்டு மூணு தலைமுறை உழைப்பு போயிடுச்சு.

சில பேர் எழுந்தாங்க. 1900ல பர்மாவுல ஆரம்பிச்ச முருகப்பா குடும்பம், 1949ல நம்ம அம்பத்தூர்ல சைக்கிள் கம்பெனி தொடங்கினாங்க. ஆனா எல்லாருக்கும் அப்படி நடக்கல. வீட்டுத் தேக்குத் தூணையும் கதவையும் கழட்டி வித்த குடும்பங்களும் செட்டிநாட்டுல உண்டு. முருகனைக் கும்பிட்டா போன பணம் ரெண்டு மடங்கா திரும்பி வரும்னு நான் சொல்ல வரல. அப்படி யாராவது சொன்னா நம்பாதீங்க.

நான் கவனிச்சது வேற விஷயம். பழனிக்குப் பாதயாத்திரை நிக்கல. இன்னிக்கும் தைப்பூசத்துக்கு குன்றக்குடியில கூடி, காவடியோட நடந்து போறாங்க. கொடுக்க முடிஞ்ச காலத்துல மகமை கொடுத்தாங்க. இல்லாத காலத்துல நடந்து போய் முன்னாடி நின்னாங்க. கொடுக்க ஒண்ணும் இல்லைங்கிறதுக்காக உறவை முறிச்சுக்கல.

யோசிச்சுப் பாருங்க. லாபத்துல பங்கு கொடுத்தா அவன் கூட்டாளி. நஷ்டம் வந்தா மட்டும் கூட்டாளிகிட்ட மறைக்கலாமா? அவன்தானே முதல்ல தெரிஞ்சுக்கணும்?

திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தையும் நினைச்சுக்கோங்க. மாமரமா நின்ன சூரனை வேல் ரெண்டா பிளந்துச்சு. ஆனா முருகன் அவனைத் தூக்கி எறியல. ஒரு பாதி மயில் வாகனம், இன்னொரு பாதி சேவல் கொடி. எதிரியையே பக்கத்துல வச்சுக்கிட்டவன் கணக்குல 'தள்ளுபடி'ன்னு ஒண்ணு கிடையாது. நம்ம தோத்த வருஷமும் அவனுக்கு வேண்டாத வருஷம் இல்ல.

இதை அண்ணன்கிட்ட சொன்னேன். அன்னிக்கு ராத்திரி பூஜை ரூம்ல நோட்டைப் பிரிச்சு உட்கார்ந்தோம். ஆறு மாசமா பயந்து எழுதாம விட்ட கணக்கு. எழுதி முடிச்சப்போ ஒண்ணு தெரிஞ்சுது: மாவு வியாபாரத்துல நஷ்டமே இல்ல. அடகு வட்டியும், டீக்கடைக்காரங்க வச்ச கடன் பாக்கியும்தான் இழுத்துக்கிட்டு இருக்கு. பிரச்சினை தீரல. ஆனா இருட்டுல பூதமா தெரிஞ்சது, வெளிச்சத்துல ஒரு தொகையா தெரிஞ்சுது. அண்ணன் ரொம்ப நாள் கழிச்சு நல்லா தூங்கினார்.

நீங்களும் சின்னதா ஒரு தொழில் பண்ணி அடிபட்டிருந்தா, வர்ற கிருத்திகைக்கு இதைச் செய்யுங்க. விளக்கேத்தி, நோட்டைப் பிரிச்சு, உள்ளதை உள்ளபடி எழுதுங்க. கடன்காரனுக்கு பயந்து எழுத வேண்டாம், கூட்டாளிக்குக் காட்டுற மாதிரி எழுதுங்க. அப்புறம் அடுத்த பக்கத்துல பிள்ளையார் சுழி போட்டு, நாளைக்கு வியாபாரத்துக்கு என்ன வேணும்னு ஒரு வரி எழுதுங்க. அந்த ஒரு வரிதான் நம்பிக்கை. உண்டியல்ல போட காசு இல்லேன்னா பரவாயில்ல, படி ஏறிப் போய் நில்லுங்க.

அண்ணன் இந்த வாரமும் வர்றேன்னு சொல்லியிருக்கார். டப்பா இன்னும் காலிதான்.

கஷ்டத்துல இருக்கிற யாராவது ஞாபகம் வந்தா, அவங்களுக்கு இதை அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!