ஆயரும் அவர் வீட்டுப் பிள்ளையும்

தாராவி, மாட்டுங்கா, செம்பூர்ப் பங்குகளெல்லாம் அடங்கிய மும்பை உயர்மறைமாவட்டத்தின் வேர் 1637-இல் இருக்கிறது. மத்தேயு தெ காஸ்ட்ரோ ரோமில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட ஆண்டு அது. பிஜப்பூர் சுல்தானின் நாடு அவர் பொறுப்பில் விடப்பட்டது. கோவாவின் திவார் தீவுக்காரர். மதம் மாறிய பிராமணக் குடும்பம். கோவாவில் படித்தும் பேராயர் குருப்பட்டம் தர மறுத்துவிட்டார். ரோமுக்கே போய்ப் படித்து, அங்கே குருவாகி, ஆயராகவும் திரும்பினார். லத்தீன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் ஆயரானது அதுவே முதல் முறை.

1670-களில் கன்னடக் கரைக்கு இன்னொரு ஆயர் வந்தார். தாமஸ் தெ காஸ்ட்ரோ. மத்தேயுவின் உடன்பிறப்பின் பிள்ளை. பூட்டிய கதவை முதலில் திறந்தவர் வீட்டிலிருந்தே அடுத்தவரும் வந்தால் அதைக் குறை சொல்லலாமா?

இங்கிலாந்து வரலாற்றில் இந்தக் கேள்விக்குப் பேர்போன குடும்பம் ஒன்று உண்டு. முதலாம் ஹென்றி அரசரின் நிர்வாகம் சாலிஸ்பரி ஆயர் ரோஜரின் கையில் இருந்தது. உறவுப் பிள்ளைகளில் அலெக்சாண்டர் 1123-இல் லிங்கனுக்கும், நைஜல் 1133-இல் ஈலிக்கும் ஆயரானார்கள். 1139-இல் ஸ்டீபன் அரசர் ரோஜரையும் அலெக்சாண்டரையும் பிடித்து வைத்துக் கோட்டைகளைப் பறித்தார். ஆனால் உள்நாட்டுப் போரில் சிதைந்த கருவூலத்தைச் சீர்செய்ய, பிறகு வந்த இரண்டாம் ஹென்றி தேடியது அதே நைஜலைத்தான். கருவூலம் எப்படி நடக்கிறது என்று நூல் எழுதி வைத்தவரும் நைஜலின் மகன் ரிச்சர்டே. வீட்டுக்குள் வளர்ந்த தொழிலறிவு பொய்யில்லை. உறவுக்காரன் என்றாலே தகுதியற்றவன் என்பது அவசரத் தீர்ப்பு.

என்றாலும் ரோஜரையும் மத்தேயு தெ காஸ்ட்ரோவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரோஜரிடம் சாவிகள் அத்தனையும் இருந்தன. காஸ்ட்ரோவைச் சொந்த ஊரிலேயே வாசலில் நிறுத்தினார்கள். நம்புவதற்கு வேறு ஆளில்லாதவன் இரத்த உறவை நம்புவது பேராசை ஆகாது. பிழைக்கும் வழி அது.

ஆனால் அந்தச் சலுகைக்கு ஒரு கெடு இருக்க வேண்டும். போர்த்துக்கீசியர் செய்த அவமானத்தைக் கண்டித்து 1653-இல் காஸ்ட்ரோ எழுதிய நூலுக்குப் பெயர் ‘பிராமணர்களின் கண்ணாடி’. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அவர் எழுப்ப நினைத்தது தம் சாதியாரைத்தான். கோவாவில் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். நம் நாட்டில் சொந்தம் என்ற சொல் பெரும்பாலும் சாதிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இங்கே வீட்டுப் பிள்ளைக்கு ஒதுக்கும் இடம் பிற சாதியாருக்கு மூடுகிற இடமும் ஆகிறது. இங்கிலாந்து ஆயருக்கு இல்லாத கூடுதல் பழி இது. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தாராவியில் இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். திருநெல்வேலிப் பக்கமிருந்து ரயிலேறி வந்த எத்தனையோ பேருக்கு இந்த ஊரில் முதல் முகவரி மாமாவோ சித்தப்பாவோ இருந்த கோலிதான். பத்துக்குப் பத்து அறையில் ஏணி வைத்து ஏறும் மச்சில் ஒரு பாய். மறுநாள் காலையில் அதே மாமா சொல்லி ஒரு வேலை. அந்த உறவை யாரும் இழிவாகப் பேசக் கூடாது. அது இல்லாவிட்டால் பலர் நடைபாதையில்தான் படுத்திருப்பார்கள்.

அந்த மச்சில் தூங்கி எழுந்தவர்களில் ஒருவருக்கு இன்று சொந்தமாகத் தோல்பை தைக்கும் கார்கானா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தையல் மெஷின் காலி. அக்கா மகன் அடுத்த வாரம் ஊரிலிருந்து வருகிறான், ஊசி பிடித்ததில்லை. பீகார்ப் பையன் ஒருவன் இரண்டு வருடமாக அங்கேயே தரையில் உட்கார்ந்து தோலுக்குப் பசை தடவுகிறான். மெஷின் காலியாகும் மதிய வேளையில் ஓட்டிப் பார்த்து, வார்ப்பட்டையை நேர்க்கோடாகத் தைக்கவும் பழகிவிட்டான். இந்த ஊரில் அவனுக்கு மாமா கிடையாது.