பதிவேட்டைத் திறங்கள்

உளவியலாளர் கர்ட் லெவின் 1946இல் முன்வைத்த செயலாராய்ச்சி பள்ளிக்கு எப்படி உதவும் என்று 1953இல் நூலெழுதி விளக்கினார் கல்வியாளர் ஸ்டீபன் கோரி. நடைமுறையை மாற்ற வேண்டியவரே அதை ஆராயவும் வேண்டும் என்பது அவர் வாதம். உதாரணமாக, திங்கட்கிழமை மாணவர் வருகை குறைந்தால் சுற்றறிக்கை மட்டும் போதாது. பதிவேட்டைப் புரட்டி எந்த வகுப்பு, எந்தப் பிள்ளைகள் என்று பிரித்து, பெற்றோரிடம் காரணம் கேட்டு, ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து, ஒரு மாதம் கழித்து அதே பதிவேட்டை மறுபடி பார்க்க வேண்டும். ஒரு பள்ளியின் முடிவு எல்லாப் பள்ளிக்கும் பொருந்துமா? பொருந்த வேண்டியதில்லை, அந்தப் பள்ளிக்குப் பொருந்தினால் போதும். நேரமில்லை என்பீர்கள், பலன் தராத உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுவதில்தான் நேரம் வீணாகிறது. தலைமையாசிரியர்களே, இந்த மாதம் ஒரு கேள்வியை எடுத்து, ஆசிரியர்களோடு சேர்ந்து விடை தேடுங்கள்.