கிறுக்கலுக்குள் இருந்ததா யானை?

அந்தோனி பிரவுன் பிரிட்டனின் சிறார் படக்கதை உலகில் பெரிய பெயர். 2000ஆம் ஆண்டு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். 2009 முதல் 2011 வரை அந்நாட்டின் ‘சில்ரன்ஸ் லாரியட்’ பொறுப்பில் இருந்தவர். அதற்கு முன்பே லண்டனின் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தின் சார்பில் பள்ளிக் குழந்தைகளோடு பணியாற்றினார். அந்த அனுபவத்திலிருந்து 2003இல் வந்த நூல்தான் ‘தி ஷேப் கேம்’. சிறுவயதில் சகோதரருடன் ஆடிய ஒரு விளையாட்டை அவர் வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனார். ஒருவர் காகிதத்தில் எதையும் மனத்தில் கொள்ளாமல் ஒரு வடிவத்தைக் கிறுக்க வேண்டும். அடுத்தவர் அதில் கோடுகள் சேர்த்து அதை ஏதோ ஒன்றாக ஆக்க வேண்டும். விதி இவ்வளவுதான். ஓவியருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் ஏழு வயதுக் குழந்தை அந்தக் கிறுக்கலை யானையாக்கிவிட்டால், யானையைப் படைத்தது யார்? கேட்க எளிய கேள்விதான். இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகளாக விடாமல் வழக்காடியதும் இதன்மேல்தான்.

சாங்கியர் பக்கம் நின்றால், யானை கிறுக்கலுக்குள்ளேயே இருந்தது. குழந்தை அதை வெளியே கொண்டுவந்தது. இல்லாதது தோன்றாது என்பது அவர்களுடைய சற்காரிய வாதத்தின் அடித்தளம். ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகை இதற்கு ஐந்து காரணங்களை அடுக்குகிறது. எதிலிருந்து வேண்டுமானாலும் எதுவும் வந்துவிடுவதில்லை என்பதே அவற்றில் எனக்கு வலுவாகப் படுகிறது. எண்ணெய் வேண்டுமென்றால் எள்ளைத்தான் ஆட்டியாக வேண்டும், மணலை ஆட்டிப் பயனில்லை. நியாய மரபினர் இதை ஒப்பமாட்டார்கள். குடம் மண்ணிலேயே இருந்ததென்றால் குயவன் எதற்கு, மண்கட்டியிலேயே தண்ணீர் மொண்டுகொள்ளலாமே என்பார்கள். முதல் பார்வைக்கு வகுப்பறைச் சான்று இவர்களுக்கே சாதகம். ஒரே வடிவத்தைப் படியெடுத்துக் கொடுத்தால் ஒரு குழந்தை வாத்து வரையும், இன்னொன்று காலணி வரையும், மற்றொன்று குறட்டை விடும் தாத்தாவை வரையும். இத்தனையும் ஒரு கோட்டுக்குள் முன்பே வரிசைகட்டி நின்றன என்று சாதிப்பது கடினம். ஆனால் வரைகிற குழந்தையின் கையைச் சற்று நேரம் பார்த்தால் வழக்கு மறுபடி திரும்பும். ஒரு பக்கம் கூர்ந்து நீண்டு, அடியில் உப்பிய வடிவம் என்று வைத்துக்கொள்வோம். கூர்முனையைத் தும்பிக்கையாக்கப் பார்க்கிறது குழந்தை. அது அண்ணாந்து நிற்கிறது. அழிக்க முடியாது, கோடு இன்னொருவர் போட்டது. தாளைத் திருப்பிப் பார்க்கிறது. இப்போது தும்பிக்கை வாலாகிவிட, யானை எலியாகிறது. அந்தக் கோடு எதுவாக வேண்டும் என்று கட்டளையிடவில்லை, உண்மை. ஆனால் சிலவற்றுக்கு இடங்கொடுக்க மறுத்துவிட்டது. தரப்பட்ட பொருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதோடு பேரம் பேசிப் பெறுவதே படைப்பு என்பது என் கட்சி.

கற்பனையை முடமாக்கும் ஊன்றுகோல் இந்தக் கிறுக்கல், வெள்ளைத்தாளைக் கொடுத்து விட்டுவிடுவதே மெய்யான சுதந்திரம் என்று வாதிடுவோர் உண்டு. நம்மூர் வகுப்பறையில் ‘உன் இஷ்டத்துக்கு வரை’ என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் கதிரோடு சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் குடிசை, பக்கத்தில் தென்னை. தாத்தா காலத்துக் குழந்தை வரைந்ததையே பேத்தியும் வரைகிறாள். எதுவும் தராமல் விட்ட இடத்தில்தான் நகல் அதிகம் விளைகிறது. எர்ன்ஸ்ட் கோம்ப்ரிச் 1960இல் வெளியிட்ட ‘ஆர்ட் அண்ட் இல்யூஷன்’ நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது: ஓவியர் எவரும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை, கைக்குப் பழகிய ஓர் அச்சிலிருந்து தொடங்கித் திருத்திக்கொண்டே போகிறார். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் அலெக்சாண்டர் கோசன்ஸ் மைக்கறைகளிலிருந்து நிலக்காட்சிகளை வரையச் சொல்லிக்கொடுத்ததையும் கோம்ப்ரிச் பேசுகிறார். கோசன்ஸுக்கும் முன்னால் லியனார்டோ டா வின்சி, கறை படிந்த சுவர்களை உற்றுப் பார்க்கும்படி ஓவியர்களுக்குச் சொல்லியிருக்கிறார். கைதேர்ந்தவர்கள் தங்கள் பழக்கத்திலிருந்து தப்பிக்கவே கறையைத் தேடிப் போனார்கள். குழந்தைக்கு மட்டும் அது ஊன்றுகோலாகிவிடுமா? வெள்ளைத்தாளில் அதிசயம் காட்டும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கும் முந்தைய நாள் கேட்ட கதையோ, வழியில் பார்த்த லாரியோ கிறுக்கலாக உதவியிருக்கும்.

வெள்ளைத்தாள் மோகத்துக்குப் பின்னால் ஒரு சமயக் கருத்து ஒளிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கடவுள் உலகை இன்மையிலிருந்து படைத்தார் என்பது கிறிஸ்தவ மரபின் கொள்கை. கலைஞனைக் குட்டிக் கடவுளாக்கிய ஐரோப்பியக் கற்பனாவாதம் அந்தப் பெருமையை மனிதனுக்கும் நீட்டிவிட்டது. ஆனால் அந்த மரபின் ஆசான்களே இதற்கு இசையமாட்டார்கள். அகஸ்டின் தம் ‘ஒப்புதல்’களின் பதினோராம் பகுதியில் கடவுளின் படைப்பைக் கைவினைஞரின் வேலையிலிருந்து கறாராகப் பிரிக்கிறார்: கைவினைஞருக்குப் பொருளும் உடலும் மனமும் முன்பே தரப்பட்டவை. பக்தியுள்ள கத்தோலிக்கரான டோல்கியனும், 1939இல் தேவதைக் கதைகளைப் பற்றி ஆற்றிய உரையில், கதைசொல்லியைத் துணைப்படைப்பாளி என்ற இடத்தில்தான் வைத்தார். ஆக, இன்மையிலிருந்து படை என்று ஏழு வயதுக் குழந்தையிடம் கேட்பது, அந்த இறையியலே மனிதரிடம் கேட்காத ஒன்று.

சைவ சித்தாந்தத்தின் கணக்கு எனக்கு இன்னும் பொருத்தமாகத் தெரிகிறது. மெய்கண்டாரின் சிவஞான போதமும் அதன் உரைகளும் குடத்தை வைத்தே மூன்று காரணங்களைப் பிரிக்கின்றன: மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகுக்கு மாயை முதற்காரணம், சக்தி துணை, சிவன் நிமித்தம். மாயையை இறைவன் உண்டாக்கவில்லை, அது என்றும் உள்ளது. பொருள் முன்பே இருந்தது என்பதால் இறைவனின் செயல் ஒரு மாற்றுக் குறையவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது. இறைவனுக்கே அதில் இழுக்கில்லை என்றால், இன்னொருவர் போட்ட கோட்டிலிருந்து தொடங்கிய குழந்தைக்கு மட்டும் பெயர் ஏன் குறைய வேண்டும்? நிமித்தம் குழந்தை, படத்தின் மூலையில் அதன் பெயர்தான் இருக்க வேண்டும்.

டொனால்ட் வின்னிகாட் இந்த இடத்தில் கைகாட்டி நிறுத்துவார். லண்டன் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாளர். தம்மிடம் வந்த சிறார்களுடன் கிட்டத்தட்ட இதே கிறுக்கல் ஆட்டத்தை ஆடியவர். கைக்குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் போர்வைத் துண்டைப் பற்றி எழுதும்போது, இது நீ உண்டாக்கியதா உனக்குத் தரப்பட்டதா என்று குழந்தையிடம் கேட்கவே கூடாது என்றார். அந்த வயதுக்குச் சரி. ஏழு வயதில் குழந்தை தானாகவே கேட்கும், பக்கத்திலிருப்பவரோடு சண்டையும் போடும்: ‘இது என் படம், நீ கோடு மட்டும்தான் போட்டே!’ அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது ஆசிரியருக்கு அழகல்ல.

சித்தாந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு, அதை மறைக்கக் கூடாது. உயிர்களுக்குத் தனு, கரண, புவன, போகங்களை (உடல், கருவிகள், உலகம், நுகர்வு) தரும் இறைவன் எல்லாம் அறிந்து, அவரவர் வினைக்கு ஏற்ப அளந்து தருகிறார். கிறுக்கல் தருபவர் அறியாமல் தர வேண்டும். மனத்தில் வாத்தை வைத்துக்கொண்டு அவர் கோடு போட்டு, குழந்தை அந்த வாத்தைக் கண்டுபிடித்தால், காரியம் உண்மையிலேயே காரணத்தில் முன்பே இருந்ததாகிவிடும். சாங்கியர் மகிழலாம், ஆனால் நடந்தது தேர்வு. பிறகு முறை மாறுகிறது. குழந்தை கிறுக்கித் தருகிறது, விருது வாங்கிய ஓவியர் அதிலிருந்து ஏதாவது செய்தாக வேண்டும். முடியாமல் திணறினால் வகுப்பே சிரிக்கும். உயிர் தருவதை வைத்து இறைவன் சமாளிக்கும் நிலைமைக்குச் சாத்திரத்தில் இடம் தேடுவது வீண். புராணக்காரர்கள் இதில் துணிந்தவர்கள். மதுரையில் வந்திக் கிழவியிடம் கூலியாளாக வந்த சிவனாகிய சொக்கர் உதிர்ந்த பிட்டைத்தான் கூலியாகப் பேசிக்கொண்டார். வாங்கித் தின்றுவிட்டு வைகைக் கரையை ஒழுங்காக அடைக்கவும் இல்லை, பாண்டியனிடம் பிரம்படியும் பட்டார்.