சாவி வைத்திருந்தவர்கள்

மதுரையை விட்டுத் தேனிச் சாலையில் வெளியேறும்போது சம்மட்டிபுரத்தில் ஒரு சிறிய பள்ளிவாசல் வரும். 1808-ல் ஷேக் இமாம் என்பவர் கட்டியது. மதுரையை ஆண்ட கான்சாகிபு, அதாவது முகமது யூசுப் கான், அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். ஆனால் முழு உடலும் அங்கே இல்லை. தூக்கிலிட்ட பிறகு தலையைத் திருச்சிக்கும், கை கால்களைப் பாளையங்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் எங்கள் பெரியகுளத்துக்கும் அனுப்பினார்கள் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். ஆள் செத்துவிட்டான் என்று பாளையக்காரர்கள் நம்ப வேண்டுமே! உயிரோடு இருந்தபோது அவ்வளவு பயம் காட்டியவர்.

இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, மருதநாயகம் என்ற பெயரோடு வளர்ந்து, இஸ்லாத்தில் சேர்ந்து, ஆங்கிலேயக் கும்பினிப் படையில் சிப்பாய்களுக்கெல்லாம் தலைவரானவர் அவர். 1756-ல் மதுரைக்கு வந்தார். 1759-ல் திரும்பவும் வந்து, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்தார். பிடுங்கப்பட்டிருந்த மீனாட்சியம்மன் கோயில் நிலங்களைக் கோயிலுக்கே திருப்பித் தந்தார். கண்மாய்களைச் செப்பனிட்டார். மதுரையில் கான்சா மேட்டுத் தெருவும் கான்பாளையமும் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பிறகு ஆற்காட்டு நவாபையும் கும்பினியையும் எதிர்த்து நின்றார். 1763 செப்டம்பரில் கோட்டையை முற்றுகையிட்டார்கள். மழை வந்ததும் விலகிப் போனார்கள். மறு வருஷம் மேஜர் கேம்ப்பெல் வந்தார். 1764 ஜூனில் மதிலேறப் பார்த்துத் தோற்றுப்போய், உள்ளே ஒரு மணி தானியம் போகாதபடி வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார்.

அக்டோபர் 13. யூசுப் கான் தொழுகையில் இருந்தார். அவருடைய தலைப்பாகையாலேயே அவரைக் கட்டிப் பிடித்தார்கள். கட்டியவர்களாக, அவரிடமே இருந்த மூவரின் பெயர்கள் வழங்கி வருகின்றன: பிரெஞ்சுக்காரரான மார்ஷான், வைத்தியர் பாபா சாகிப், திவான் சீனிவாச ராவ். இரண்டு நாள் கழித்து நவாப் முகமது அலி அவரைத் தூக்கிலிட்டார்.

முஸ்லிம் ஆட்சியாளரிடம் வேலை பார்த்த இந்து அமைச்சர் என்று எங்காவது பேச்சு எழுந்தால், உடனே அது இரண்டில் ஒரு பக்கம் போய்விடுகிறது. ஒரு கூட்டம் அதை ஒற்றுமைக்குச் சாட்சியாக்குகிறது. இன்னொரு கூட்டம் துரோகத்துக்குச் சாட்சியாக்குகிறது. அந்தத் தலைப்பாகையைப் பிடித்திருந்த கைகளை நான் நினைத்துப் பார்க்கிறேன். ஒரு கை கிறிஸ்தவருடையது, ஒன்று முஸ்லிமுடையது, ஒன்று இந்துவுடையது. தூக்கிலிடச் சொன்னவரும் தூக்கில் தொங்கியவரும் ஒரே திசை பார்த்துத் தொழுதவர்கள். மதத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது. என்னைத் தூங்கவிடாத கேள்வி வேறு: கஜானாச் சாவியைக் கையில் வைத்திருப்பவன், தன்னை நம்பிய ஆள் சரியும் நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?

மதுரையில் நடந்ததற்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் எங்கள் மண்ணோடு ஒட்டியதுதான். ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். 1792-ல் திப்பு அந்தச் சீமையைக் கும்பினிக்கு விட்டுக்கொடுக்கும் வரை, எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பாளையங்களில் பெரும்பாலானவை திண்டுக்கல்லோடு சேர்ந்து, இடையிடையே கை மாறினாலும், மைசூருக்கே கப்பம் கட்டின. ஹைதரின் வரவு செலவு முழுக்க இரண்டு பிராமணர்கள் கையில் இருந்தது: பூர்ணய்யா, கிருஷ்ண ராவ். 1782 டிசம்பர் 7-ல் சித்தூர்ப் பக்கம் பாசறையில் ஹைதர் இறந்தார். மகன் திப்பு மலபார்க் கரையில் இருந்தார். சேதி வெளியே கசிந்தால் படை கலையும், பணம் பறிபோகும். பூர்ணய்யாவும் கிருஷ்ண ராவும் மற்றத் தளபதிகளைக் கலந்துகொண்டு சாவை மறைத்தார்கள். உடலைப் பெட்டியில் வைத்து, பொக்கிஷம் போவதுபோல் கோலாருக்கு அனுப்பிவிட்டு, பாசறையை வழக்கம்போல நடத்தினார்கள். இடையில் ஹைதரின் உறவினர் ஒருவர் இளைய மகனை அமர்த்திவிட முயன்றார், அதையும் அடக்கினார்கள். திப்பு வந்து சேர்ந்தபோது படையும் பணமும் அப்படியே இருந்தன. இரத்த உறவு தடுமாறிய இடத்தில் கணக்குப் பார்த்தவர்கள் நிலையாக நின்றார்கள்.

இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! 1791-ல், எதிரியோடு தொடர்பு வைத்திருந்தார் என்ற சந்தேகத்தில், அதே கிருஷ்ண ராவைத் திப்பு கொன்றுவிட்டார். பூர்ணய்யா கடைசி வரை கூட இருந்தார். 1799-ல் திப்பு விழுந்த பிறகு, மைசூரின் சிறுவயது ராஜாவுக்கு, ஆங்கிலேயர் சம்மதத்தோடு, திவானாகி 1811 வரை நாட்டை நடத்தினார். விசுவாசி என்று கும்பிடுவதா, காற்றுக்குத் தக்கபடி சாய்ந்தவர் என்று ஒதுக்குவதா? நான் முதல் பக்கம்தான். அவர் திப்புவை விட்டுப் போகவில்லை, திப்புதான் போய்விட்டார். வரி வசூலும் ஏரி வாய்க்காலும் ராஜா செத்த மறுநாளும் இருக்கின்றன, அவற்றை யாராவது பார்த்தாக வேண்டும்.

என் அப்பா கம்பத்தில் ஒரு ராவுத்தரின் ஏலக்காய்க் கடையில் கணக்குப்பிள்ளை. வண்டன்மேட்டுப் பக்கம் அவர்களுக்கு எஸ்டேட் இருந்தது. நாள்வழி, பேரேடு, பெட்டிச் சாவி எல்லாம் அப்பாவிடம். வெள்ளிக்கிழமை மதியம் ராவுத்தர் ஜும்மாவுக்குப் போகும்போது கல்லாவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். நோன்பு மாதத்தில் வாக்குவாதம் வரக்கூடிய கணக்கை அப்பா பகலில் எடுக்கவே மாட்டார். ராத்திரி தராவீஹ் தொழுகை முடித்து ராவுத்தர் வந்த பிறகுதான். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அப்பா தீச்சட்டி எடுத்த நாள்களில் ராவுத்தரே உட்கார்ந்து நாள்வழி எழுதினார். அவர் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். அப்பா திரும்பி வந்து அதை அழகாகப் பெயர்த்து எழுதுவார்.

விலை விழுந்த காலத்தில் அந்தக் கடை ஆட்டம் கண்டது. ராவுத்தர் ஏற்கெனவே வாங்கிய கடன் போதாதென்று மேலும் வாங்கி எஸ்டேட்டில் போட்டார். அப்பா அதைத் தடுத்துப் பேசியது எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் இருந்தேன். "மொதலாளி, இது வேண்டாம். அஞ்சொகை எடுத்துட்டேன், தாங்காது" என்றார். ராவுத்தருக்குக் கோபம். "கணக்க மட்டும் பாருங்க பிள்ளை" என்று எழுந்து போய்விட்டார். அதே மாதம் போடியிலிருந்து இன்னொரு வியாபாரி, இரட்டைச் சம்பளம் தருகிறேன், யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்ற விவரத்தோடு வா என்று ஆளனுப்பினார். அம்மாவுக்குப் போகச் சொல்ல ஆசை. வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தோம். அப்பா அம்மாவிடம் சொன்னது இது: "வேலைய விட்டுப் போறதுன்னா நாளைக்கே போகலாம். பேரேட்டோட போகச் சொல்றான், அது எப்படி?" அவர் போகவில்லை. கடை பாதியாகச் சுருங்கித்தான் பிழைத்தது. எங்கள் படிப்பும் சுருங்கியது. எனக்கு அதில் வருத்தம் உண்டு, இன்றும் உண்டு.

அதனால்தான் சீனிவாச ராவைச் சட்டென்று துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அடைபட்ட ஊரில் பசி நடமாடியது. எதிரி மதிலேறி உள்ளே வந்தால் ஒரு நகரம் என்ன பாடுபடும் என்று ஒரு திவானுக்குத் தெரியும். ஒருவரைப் பிடித்துக் கொடுத்து ஆயிரம் குடும்பங்களைக் காப்பாற்றுகிறோம் என்று அவர் நினைத்திருந்தால், அந்த நினைப்பை நான் மதிக்கிறேன். எஜமானன் பிடிவாதத்துக்காக ஊர் சாக வேண்டியதில்லை. அப்பா இருந்த இடத்தில் பட்டினி கிடந்தது எங்கள் ஒரு வீடுதான். அவருக்குத் தேர்வு எளிது.

ஆனால் யூசுப் கானின் தொழுகை நேரத்தை அந்த மூவரும் எப்படித் தெரிந்துகொண்டார்கள்? பக்கத்திலேயே இருந்ததால். கூடவே வேலை பார்க்கும் வேற்று மதத்துக்காரரின் எந்த நேரம் கடவுளுக்கு உரியது, எப்போது அவர் கையில் வாள் இருக்காது, எப்போது முதுகைக் காட்டிக் குனிந்திருப்பார் என்பதெல்லாம் மரியாதையாகத் தெரிந்துகொள்ளும் விஷயங்கள். வெள்ளிக்கிழமை மதியத்தை அப்பா அப்படித்தான் தெரிந்து வைத்திருந்தார், வீரபாண்டித் திருவிழாவை ராவுத்தரும் அப்படித்தான். இரண்டு மதத்தார் ஒரே பெட்டியை வைத்துப் பிழைக்க முடிந்தது அந்தத் தெரிதலால்தான். சீனிவாச ராவ் முகத்துக்கு நேரே பேசியிருக்கலாம், சாவியை வைத்துவிட்டுக் கோட்டையை விட்டு வெளியேறியிருக்கலாம், சபையில் எல்லோர் முன்னாலும் வாளை நீட்டிக்கூடக் கைது செய்திருக்கலாம். பசியை எவ்வளவு நினைத்தாலும், அவர் தேர்ந்த அந்த நேரத்தை மட்டும் என்னால் அவருக்கு விட்டுக்கொடுக்க முடியவில்லை. அதே காரணத்துக்காகப் பாபா சாகிபுக்கும் மார்ஷானுக்கும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. பெரியகுளத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒரு பெயரை மட்டும் பொறுக்கி எடுக்காமல் மூன்று பெயர்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.