ஒட்டாத பிள்ளை

எரியோட்டில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மில் ஷிப்ட் முடிந்து வந்து கை நீட்டினாள். ஒன்றரை வயதுக் குழந்தை அப்பத்தாவின் தோளில் முகம் புதைத்துக்கொண்டது. “அம்மா வழி ரத்தம், ஒட்டாது” என்றார் அப்பத்தா. “வேலைக்குப் போனா இப்படித்தான்” என்றார் எதிர்வீட்டுக்காரர். தீர்ப்பு இரண்டு, குற்றவாளி ஒருத்தி.

ஆய்வுக்காக மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டுப் போனவள் நான். எல்லாம் மரபணு என்றால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் லண்டனிலும் லெய்டனிலும் 157 இரட்டைப் பிள்ளைச் சோடிகளை ஆராய்ந்து 2003இல் வெளியான முடிவு வேறு. சட்டென்று கலங்கும் சுபாவத்தில் மரபணுவின் பங்கு பெரிது. தாயிடம் ஆறுதல் தேடும் பற்றிலோ அது ஏறக்குறைய இல்லை; சூழலே அதைத் தீர்மானிக்கிறது.

சூழல் என்றதும் நாம் அம்மா என்றே வாசிக்கிறோம். ஷிப்ட் நேரமும், இரவில் பிள்ளை அழுதால் எழாத அப்பாவும் சூழல்தான். 2017ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டத் திருத்தம் தாய்க்கு 26 வாரம் கொடுத்தது; தந்தைக்கு ஒரு நாள்கூட இல்லை.

அந்தக் குழந்தைக்குப் பற்று இருக்கிறது. பகலெல்லாம் தூக்கிச் சுமந்தவரிடம் இருக்கிறது. தாயைக் குறை சொல்லுமுன், பிள்ளையோடு இருக்க அவளுக்கு எத்தனை மணி நேரம் விட்டுவைத்தோம் என்று எண்ணிப் பார்ப்போம்.