கண்டும் காணாததுபோல்

கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்நாளில் பதில் வராமற்போனால் அதற்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம், முகவரி மாறியிருக்கலாம், உரியவர் வெளியூர் போயிருக்கலாம். பதிவுத் தபாலோடு ஒப்புகை அட்டையை இணைத்து அனுப்பினால், சேர்ந்தது என்பதற்கு ஒரு கையொப்பம் திரும்பி வரும். உறையைப் பிரித்தாரா, படித்தாரா என்பதை அந்த அட்டையும் சொல்லாது. கடிதத்துக்கும் பதிலுக்கும் இடையே இருந்த அந்த இருட்டில் எத்தனையோ உறவுகள் முறியாமல் பிழைத்துக்கொண்டன. "உங்கள் கடிதம் வந்து சேரவில்லையே" என்ற பொய்யை ஒருமுறையேனும் சொல்லாத குடும்பம் உண்டா என்பது ஐயமே.

வாட்ஸ்அப் அந்த இருட்டை நீக்கிவிட்டது. செய்தி நம்மிடமிருந்து புறப்பட்டுவிட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு டிக். பெறுபவரின் கைப்பேசியை அடைந்தால் இரண்டு. அவர் திறந்து பார்த்ததும் இரண்டும் நீலம். இந்த நீலம் 2014 நவம்பரில் வந்தது. வந்தவுடனே முணுமுணுப்பும் எழுந்தது. அதை அணைத்து வைக்கும் வசதியும் விரைவிலேயே தரப்பட்டது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நான் படித்ததைப் பிறர் அறியாதவாறு மறைத்தால், பிறர் படித்ததை நானும் அறிய முடியாது. மலைப்பொழிவில் ஆண்டவர் தந்த பொன்விதி எங்கோ ஒரு கணினிப் பொறியாளரின் கையில் இப்படி ஒரு சிறு வடிவம் பெற்றிருப்பதை எண்ணி நான் வியந்ததுண்டு.

வியந்ததோடு சரி. நிபந்தனைக்கு உட்படாமலேயே தப்பிக்கும் வழி ஒன்று உண்டு என்பதை நம்மில் பெரும்பாலோர் அறிவோம். செய்தி வந்ததும் திரையின் மேற்பகுதியில் அதன் முதல் வரிகள் தாமாகவே தோன்றும். அவற்றைப் படித்துவிட்டு, செய்தியைத் திறவாமல் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டால் போதும். படித்தாயிற்று, அனுப்பியவரின் திரையிலோ டிக் சாம்பலாகவே நிற்கும்.

அப்படித்தான் நானும் செய்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்த நண்பன் ஒருவன் ஒரு மாலை நேரத்தில் செய்தி அனுப்பினான். "ஃப்ரீயா இருக்கியா? கொஞ்சம் பேசணும்." அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஒரு கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டிருந்தான்; நான் தயங்கித் தயங்கி மறுத்திருந்தேன். மறுபடியும் அதுவே என்று நினைத்தேன். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். நாளை என்பது மூன்று நாளாயிற்று.

அந்த மாலையில் அவனுடைய மனைவி நெஞ்சுவலியோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். இரவெல்லாம் அந்த நடைக்கூடத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தானாம். பணம் எதுவும் அவனுக்குத் தேவைப்படவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இறையருளால் அந்த அம்மையார் நலம்பெற்று வீடு திரும்பினார். செய்தி கேட்டு நான் பழங்களோடு போய் நின்றபோது, என்னைக் குற்றம் சொல்ல எல்லா உரிமையும் உடைய அவன், எனக்காக அவனே வாதாடினான். "நீ பாக்கலடா. டிக் நீலமாவே மாறல. பாத்திருந்தா ஓடி வந்திருக்க மாட்டியா?"

"ஆமாடா, நான் திறக்கவே இல்ல" என்றேன்.

அந்த விடையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் திறக்கவில்லை என்பது முழு உண்மை. ஆயினும் அன்று முதல் அந்த வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் சொன்னது பொய்யா?

திருச்சபையின் அறநெறி ஆசிரியர்கள் இதே கேள்வியோடு நெடுங்காலம் மல்லாடியிருக்கிறார்கள். ஏமாற்றும் நோக்கத்தைப் பொய்யின் மையமாகக் கண்டவர் புனித அகுஸ்தினார். உள்ளதைச் சொல்லாமல் விடுவது வேறு, இல்லாததை உள்ளதாகக் காட்டுவது வேறு என்று பிரித்துக் காட்டியவர் புனித தோமஸ் அக்குவினாஸ். முன்னது சில வேளைகளில் தகும். பின்னது, சொல்லால் ஆனாலும் செயலால் ஆனாலும், பொய்யே என்பது அவர் முடிவு. வாயால் ஒன்றைச் சொல்லி, மீதியை மனத்துக்குள் முடித்துக்கொண்டு, "நான் பொய் சொல்லவில்லை" என்று தேற்றிக்கொள்ளும் சாமர்த்தியம் ஒருகாலத்தில் பரவியிருந்தது. திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் 1679இல் அதைக் கண்டித்தார். "நான் திறக்கவே இல்ல" என்று உரக்கச் சொல்லி, "ஆனால் படித்தேன்" என்பதை உள்ளே விழுங்கிக்கொண்ட நான், அந்தப் பழைய சாமர்த்தியசாலிகளின் வரிசையில்தான் நிற்கிறேன்.

நான் மௌனமாக இருந்தேன் என்றும் வாதிடலாமே என்றால், அதுவும் நிற்காது. அந்த டிக் ஒரு செய்தியைத் தெரிவிப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட அடையாளம். "இவர் இன்னும் பார்க்கவில்லை" என்று அது என் பெயரால் மூன்று நாள் பேசிக்கொண்டிருந்தது. அப்படியே பேசட்டும் என்றுதான் நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

எனினும், பொய்யைக் காட்டிலும் என்னைக் கலங்கவைப்பது வேறொன்று. நீலம் தோன்றும் என்ற நிலை இருந்திருந்தால் நான் அன்றே பேசியிருப்பேன் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் என்னைக் கடமைப்படுத்துவது எது? அவன் அழைப்பை நான் கண்டது அன்று. நான் கண்டதை அவன் கண்டுகொள்வான் என்ற அச்சமே. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் கைஜீஸ் என்ற இடையனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. குமிழை உட்புறமாகத் திருப்பினால் அவன் யார் கண்ணுக்கும் புலப்பட மாட்டான். யாரும் காணாதபோதும் நேர்மையாக இருப்பவன் உண்டா என்பது அங்கே எழுப்பப்படும் கேள்வி. அந்த இடையன் அரசனைக் கொன்று அரியணை ஏறினான். எனக்குக் கிடைத்த மோதிரத்தைக் கொண்டு நான் ஒரு நண்பனின் இரண்டு வரிகளிலிருந்து ஒளிந்துகொண்டேன். அளவில்தான் வேறுபாடு.

நல்ல சமாரியர் உவமையை இப்போது படிக்கும்போது ஒரு சொல் என்னை நிறுத்துகிறது. குரு கண்டார், லேவியர் கண்டார், சமாரியரும் கண்டார். மூவருக்கும் லூக்கா அதே சொல்லைத்தான் இடுகிறார். எரிகோவுக்குப் போகும் அந்தச் சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனுக்குத் தன்னைக் கடந்துபோனவர் இன்னார் என்று தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. ஒதுங்கிப் போன இருவரும் மறுநாள் தலைநிமிர்ந்தே நடந்திருப்பார்கள். நீல டிக் அறிமுகமான அதே 2014ஆம் ஆண்டில், உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியில் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த உவமையைத்தான் எடுத்துக்கொண்டார் என்பது தற்செயலே.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுவது நேர்மை. செய்தி அனுப்பிய கணமே பதிலை எதிர்பார்த்து, நீலமாயிற்றா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பது அன்பு ஆகாது, வேவு. இரவு பதினோரு மணிக்கு வரும் எல்லாச் செய்திகளுக்கும் பதில் சொல்லப் பங்குத்தந்தையோ மருத்துவரோ கடமைப்பட்டவர் அல்லர். பதிலைத் தள்ளிப்போட எவருக்கும் உரிமை உண்டு. "பார்த்தேன், நாளை பேசுகிறேன்" என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. அதைக்கூட எழுத மனமில்லாமற்போனதுதான் என் கதை.

நண்பனிடம் இன்றுவரை நான் உண்மையைச் சொல்லவில்லை. இரண்டுமுறை அதற்காகவே அவன் வீட்டுக்குப் போனேன். இரண்டுமுறையும் அம்மையார் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். இந்த இதழுக்கு அவனும் சந்தாதாரர். தபாலில் வந்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கிறவன் அவன்.